மாத்திரையை விட்டுவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு வயது 57. மதுரையில் இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி மெட்டல் வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் இரவு அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்தபின் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.5 இருந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். இடையில் கால்வலிக்கும் ஈறு வீக்கத்துக்கும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இப்போது 4.8! கீரைதான் காரணம் என்று ஆத்தா முருங்கைக்கீரையையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மாரடைப்பு வந்தபோது ஒரே ஊசியில் ரத்தக்கட்டியைக் கரைத்தார்கள். அப்பச்சிக்கும் அதைப் போட்டுவிட்டு மாத்திரையை விட முடியாதா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: முடியாது. முதலில், 4.8 என்ற ரிப்போர்ட்டை இன்றே அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு இருப்பவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வேண்டும். ஒரு வேளையை விடுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் சொல்வார். நீங்களாக எதுவும் செய்யாதீர்கள்.

அந்த அண்ணனுக்குப் போட்டது டெனெக்டிபிளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்தாக இருக்கும். உறைந்துவிட்ட கட்டியின் நார்களை அறுக்கும் பொருள் நம் ரத்தத்திலேயே தூங்கிக் கிடக்கிறது. ஊசி அதை எழுப்பிவிடுகிறது. மாரடைப்பு வந்து 12 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்டபின் நெஞ்சுவலி குறைகிறதா, ஈ.சி.ஜி. மாறுகிறதா, பேச்சு குளறுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால்தான் அவ்வளவு கவனம். அதன் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்பச்சியின் வால்வு இருக்கும்வரை கட்டி சேராமல் தடுப்பது மாத்திரைதான்.

ரத்தத்தை உறையவைக்கும் சில உறைபொருள்களைக் கல்லீரல் செய்ய வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம், அதே வகை மாத்திரையான வார்ஃபரின் இரண்டும் அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உறைபொருள் தீரச் சில நாள் ஆகும். இன்று கூட்டிய அளவின் முழுப் பலன் நாளைய பரிசோதனையில் தெரியாததற்கு இதுதான் காரணம்.

இனி அந்த 1.5, 4.8 கதைக்கு வருவோம். நடைப்பயணத்தில் மாத்திரை சில இரவுகள் விட்டுப் போயிருக்குமா என்று அவரிடம் கோபப்படாமல் கேளுங்கள். விரதச் சாப்பாடும், தங்கும் இடத்து அசதியும் சேர்ந்தால் மறந்துபோவது சகஜம். அசிட்ரோம் உடம்பில் ரொம்ப நாள் தங்காது. இரண்டு மூன்று நாள் விட்டாலே எண் இறங்கிவிடும். விட்டுப்போனதைச் சொல்லாததால் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கலாம். அதன்மேல் ஈறு வீக்கத்துக்குப் பெரும்பாலும் தருகிற மெட்ரோனிடசோல் சேர்ந்தால் எண் சரசரவென்று ஏறும். கால்வலிக்கு டைக்ளோஃபினாக் என்றால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியும் ஆபத்தும் கூட. அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

ஆத்தாவிடம் சொல்லுங்கள், கீரை குற்றவாளி இல்லை. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம்தான். அது ஐ.என்.ஆரை இறக்கும், ஏற்றாது. திடீரென்று நிறுத்தினால்தான் எண் ஏறும். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பது ஒரே சீராக இருந்தால் போதும். மாத்திரை அளவு அதற்கேற்ப அமையும்.

பரிசோதனையை முடிந்தவரை ஒரே லேபில் செய்யுங்கள். நீல மூடிக் குழாயில் கோடுவரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைவாக எடுத்தால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அளவு மாறினால் ஒரு வாரத்துக்குள்ளும், சீரானபின் மாதம் ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். மெட்டல் வால்வுக்கு அவை கூடாது. அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை இப்படிப்பட்டவர்களிடம் சோதித்தபோது கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் ஆய்வையே நிறுத்தினார்கள்.

கருப்பாக மலம் போனாலும், தலையில் அடிபட்டாலும், கை கால் இழுத்தாலும், மூச்சு வாங்கினாலும், வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினாலும் எண் சரியாக இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். எண் கூடியிருப்பவருக்குக் கட்டி கரைக்கும் ஊசியே ஆபத்தாகலாம். அசிட்ரோம் சாப்பிடுவதை எழுதிய ஒரு சீட்டு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும், அடுத்த வருஷம் பழனிக்கு நடக்கும்போதும்.