லைனுக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தேன், தை மாதத்திலிருந்து சூப்பர்வைசர். என்னோடு டீ குடித்தவர்களே இப்போது நான் லைனுக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம் நைட் ஷிப்டில் ஹீட்டர் சரியாகச் சூடேறாமல் ஒரு லாட் முழுக்க வீணாகிவிட்டது. மூன்று பேருக்கு ராத்திரி இரண்டு மணிக்கே தெரியும், எனக்குக் காலையில்தான் தெரிந்தது. நான் யாரையும் கெடுக்க நினைத்ததில்லை, அப்புறம் ஏன் மறைக்கிறார்கள்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், புதுச்சேரி)

பதில்: தம்பி, அந்த மூன்று பேர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது தெரிகிறது. ஆனால் இரண்டு மணிக்கு அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று பாருங்கள். சொன்னால் ‘யார் மிஷினில் நின்றது?’ என்ற கேள்வி வரும், பெயர் மேலே போகும், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அடுத்த மாதம் வேலை இருக்குமோ என்னவோ. சொல்லாவிட்டால் விடியும் வரை நிம்மதி. இதற்கு முன் தப்பை ஒத்துக்கொண்டவருக்கு என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள், அது உங்களுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் நடந்ததாகவும் இருக்கலாம். உங்கள் தப்பு இல்லைதான், ஆனால் மாற்ற வேண்டியவர் இப்போது நீங்கள்.

அடுத்த முறை ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது ‘நல்லவேளை சொன்னீங்க, வாங்க பார்ப்போம்’ என்பதாக இருக்கட்டும். யார், ஏன் என்பதெல்லாம் மறுநாள், தனியாக. மேனேஜரிடம் போகும்போது ‘என் ஷிப்டில் நடந்தது’ என்று சொல்லுங்கள். அலட்சியமாக இருந்தவரிடம் அதை நேரில் கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் பத்து பேர் முன்னால் வேண்டாம். ராத்திரி எந்நேரமும் போன் பண்ணலாம் என்று சொல்லிவிட்டு, கூப்பிடும்போது எரிச்சலோடு எடுத்தீர்கள் என்றால் அதோடு முடிந்தது, அடுத்த போன் வராது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது நான் கடலூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். கூரை போனவர்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் மொத்தமாகச் சாய்ந்து நின்றவர்கள் என்று பாதிப் பேர் அட்வான்ஸ் கேட்டோம். எங்கள் போர்மேன், ‘முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, புதன்கிழமை சாயங்காலம் வந்து சொல்கிறேன்’ என்றார். புதன்கிழமை வந்தார், ‘இன்னும் பதில் வரவில்லை, வெள்ளிக்கிழமை சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்ன நாளில் வந்து நின்றாரே, அதற்குப் பிறகு அவரிடம் நாங்கள் எதையும் மறைத்ததாக எனக்கு நினைவில்லை. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்புவது சுலபம், ஆனால் கேட்டவர் அந்தப் பதிலுக்காக எத்தனை நாள் காத்திருக்கிறார் என்பது சொன்னவருக்குத் தெரிவதே இல்லை.

இன்னொன்று, ஓவர்டைம். சட்டப்படி அதற்கு இரட்டிப்புக் கூலி. ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கணக்கில் விடுபட்டிருந்தால் ‘அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லாமல் அன்றைக்கே டைம் ஆபீசுக்கு நீங்களே போங்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பன்னிரண்டு தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்குப் பலியான ஊர் இது, இங்கே ஒருவரின் உழைப்பு நேரத்தைச் சின்ன விஷயமாக நினைக்க எனக்கு மனம் வராது.

பழைய டீ நட்பு அப்படியே திரும்ப வராது தம்பி. ஷிப்ட் போடுவதும் லீவு கொடுப்பதும் உங்கள் கையில் இருக்கும்போது அவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நண்பருக்கும் நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் பையனுக்கும் நைட் ஷிப்ட் ஒரே மாதிரி சுற்றி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: கடலூரில் ஒரு துணிக்கடையில் எட்டுப் பெண்கள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருவர் நம்பிச் சொன்ன வீட்டுக் கஷ்டத்தை முதலாளியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இப்போது கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?
(ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: அவரே கண்டுபிடிக்கும் முன்னால் இன்றைக்கே போய் ‘நான்தான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள் அம்மா. முதலாளி கேட்டார், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், சமாதானப்படுத்துகிறேன் என்று பின்னாலேயே போகாதீர்கள். அடுத்து அவர் லீவு கேட்டு வரும்போது முதலாளி காரணம் கேட்டால், ‘வீட்டில் வேலை இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் லீவை வாங்கிக் கொடுங்கள்.