கோத்த நேரத்துக்கு ஒரு விலை

அன்புள்ள அக்காவுக்கு,

இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு உங்கள் எழுத்தை வாசிக்கிறவள் நான். வீட்டில் இருந்து உழைக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதுவதால் வந்த துணிவில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு உவர்மலையில். இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடமாகப் பட்டுநூல் காப்பு, மணிமாலை, தோடு, தலைக்கிளிப் எல்லாம் வீட்டிலேயே செய்து வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விற்கிறேன். சாமத்தியவீடு, கலியாணம் என்றால் உடுப்பின் நிறத்துக்குச் செட் கேட்பார்கள். மாலையும் தோடும் சேர்ந்த செட் 900 ரூபாய். மணி, நூல், கொக்கி எல்லாம் 420 முடியும். பெட்டியும் பையும் 60. கோத்து முடிக்க மூன்றரை மணித்தியாலம். ஓடருக்குக் குறைவில்லை. ஆனால் மாதம் முடியும்போது கையில் காசு இல்லை. எங்கே போகிறது என்று விளங்கவில்லை.

சொந்தக்காரர் அரைவிலைக்குக் கேட்கிறார்கள். "வீட்டில இருந்துதானே செய்யிறாய், உனக்கென்ன செலவு?" என்று மாமி எல்லாருக்கும் முன்னால் சொல்கிறா. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் கடை வைத்திருப்பவர், சாமானை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். விற்றால் காசு, நூற்றுக்கு நாற்பது அவருக்கு. வெளிநாட்டுக்காரர் விரும்புவார்கள், சிப்பியும் பவளமும் வைத்துச் செய் என்றும் சொல்கிறார். குழுக்கடன் கொடுக்கிறவர்கள் ஒரு லட்சம் தருகிறோம், கிழமைக்குக் கிழமை கட்டலாம் என்கிறார்கள். மொத்தமாகச் சாமான் எடுத்தால் லாபம் வருமா? அல்லது இதை விட்டுவிட்டு ஒரு கடைக்கு வேலைக்குப் போவதா?

பெயரைப் போட வேண்டாம்.

வாசகி, உவர்மலை, திருகோணமலை

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மணிக்கு விலை இருக்கிறது. நூலுக்கு இருக்கிறது, கொக்கிக்கு இருக்கிறது, பெட்டிக்கும் பைக்கும்கூட இருக்கிறது. அந்த மூன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும் விலை எழுதப்படவில்லை. காசு எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் போகிறது.

நீங்கள் தந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 900 ரூபாயில் சாமானும் பெட்டியும் 480 போனால் மிச்சம் 420. மூன்றரை மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 120 ரூபாய். ஆனால் வேலை மூன்றரை மணித்தியாலத்தில் முடிவதில்லை. படம் எடுக்க வேண்டும். "இந்த நிறத்தில் இருக்கா, அந்த நிறத்தில் இருக்கா" என்று கேட்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் பதில் சொல்ல வேண்டும். பொதி கட்டி, முகவரி எழுதி, தபாலகத்துக்கோ கூரியருக்கோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு செட்டுக்கு இவை எல்லாம் சேர்ந்து இன்னுமொரு மணித்தியாலம் என்று வைத்தால், மணித்தியாலத்துக்கு 93 ரூபாய்தான் வருகிறது. 2026 ஜனவரி முதல் இந்த நாட்டில் சட்டப்படி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 150. எந்தத் தொழிலும் தெரியாமல் இன்று வேலைக்கு வந்து நிற்கிற ஒருவருக்கும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்கிறது சட்டம். இரண்டு வருடம் பழகிய உங்கள் கைக்கு நீங்களே 93 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்குள் இருந்து தைக்கிற, பின்னுகிற, பலகாரம் சுடுகிற பெண்கள் அநேகமாக எல்லாருடைய கணக்கிலும் இதே இடம்தான் வெறுமையாக இருக்கிறது. மாவுக்கும் எண்ணெய்க்கும் விலை போடுவார்கள். அடுப்படியில் நின்ற நேரத்துக்குப் போட மாட்டார்கள். மாமி கேட்ட கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. அவ கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டா. அவவின் காலத்தில் அவவின் நேரத்துக்கும் ஒருவரும் விலை சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலையாக ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு சாமானும் செய்யத் தொடங்கும் நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் அதில் எழுதுங்கள். பிள்ளை கூப்பிட்டு எழும்பினால் அந்த இடைவெளியைக் கழித்துவிடுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். எந்த டிசைன் உங்களுக்குச் சோறு போடுகிறது, எது உங்களைத் தின்கிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

மணித்தியாலத்துக்கு 250 என்று வைத்துப் பாருங்கள். பழகிய கைக்கு அது அதிகமில்லை. நாலரை மணித்தியாலத்துக்கு 1,125. சாமானும் பெட்டியும் 480. குறடு, பசை, டேட்டா, பஸ் காசு என்று ஒரு செட்டுக்கு 100. எல்லாம் சேர்த்தால் 1,700 ரூபாய் அளவில் வரும். "அந்த விலைக்கு யார் அக்கா வாங்குவது?" என்று கேட்பீர்கள். எல்லாரும் வாங்கமாட்டார்கள். ரவுனில் உள்ள பேன்சிக் கடைகளில் மெஷினில் செய்து கப்பலில் வந்த செட்டுகள் அதைவிட மலிவாகத் தொங்குகின்றன. விலையால் அவற்றோடு மோத உங்களால் முடியாது. மோதவும் கூடாது. ஆனால் சாமத்தியவீட்டுச் சேலையின் கரைத்துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இந்த மாம்பழ மஞ்சளும் இந்த அரக்கும் சேர வேணும்" என்று சொன்னால் அந்தக் கடை செய்து தராது. நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள். மக்கள் உங்களைத் தேடி வருவதே அதற்காகத்தான். அந்த வேலையை 900 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். செட்டை ஓடருக்கு மட்டும் செய்யுங்கள். பாதிக் காசை முன்பணமாக வாங்கிய பிறகுதான் நூலை வெட்டுங்கள். சாமானைக் கையில் கொடுத்து அங்கேயே காசு வாங்கும் முறையில் பார்சல் திரும்பி வந்தால் கூரியர் செலவு உங்கள் தலையில். யாரோ ஒருத்தியின் சேலை நிறத்துக்குக் கோத்த செட்டை வேறு யார் வாங்குவார்கள்?

மற்ற நாட்களுக்கு விரைவில் முடிகிற சாமான் செய்யுங்கள். நாற்பது நிமிடத்துக்குள் முடியும் குஞ்சத் தோடு, ஒற்றைக் காப்பு, தலைக்கிளிப் போன்றவை. ஒரே டிசைனைப் பத்துச் சோடி ஒன்றாக வைத்துச் செய்தால் நேரம் இன்னும் குறையும்: முதலில் நூல் முழுவதையும் வெட்டி, பிறகு எல்லாவற்றையும் சுற்றி, கடைசியில் கொக்கி மாட்டுவது. விலை கூடிப் போகிறது என்று தோன்றினால் செய்கிற நேரத்தைக் குறைக்க வழி பாருங்கள். மணித்தியாலக் கூலியில் கை வைக்க வேண்டாம்.

கொக்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. மலிவான முலாம் பூசிய கொக்கி சில வாரங்களிலேயே கறுக்கத் தொடங்கிவிடும். வியர்வை பட்டால் இன்னும் கெதியாக. அது போதாதென்று, அந்த மலிவு உலோகங்களில் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது சிவந்து, கடித்து, நீர் வடியும். ஒருமுறை ஒரு பிள்ளைக்குக் காது புண்ணானால் அந்தத் தாய் திரும்பி வரமாட்டா, பத்துப் பேருக்குச் சொல்லியும் விடுவா. துருப்பிடிக்காத நல்ல எஃகுக் கொக்கி, முடிந்தால் 92.5 வீத வெள்ளிக் கொக்கி போடுங்கள். செலவு கூடும். வாங்குகிறவருக்கு அதைச் சொல்லியே விலை கேட்கலாம். மணி, கொக்கி எல்லாம் அநேகமாக வெளிநாட்டிலிருந்து வருபவை என்பதையும் மறக்க வேண்டாம். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. கொழும்புப் புறக்கோட்டையில் சாமான் எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் விலைப்பட்டியலையும் திருத்துங்கள்.

சொந்தக்காரர் விஷயத்தில் என் எண்ணம் இது. கொடுக்க விரும்பினால் முழுவதையும் அன்பளிப்பாகக் கொடுங்கள். மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு என்றால் ஒரு செட்டை மனதாரச் செய்து, பெட்டியில் வைத்து, கொப்பியில் "அன்பளிப்பு, 1,700" என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். விற்பதென்றால் முழு விலை. அரைவிலையில் அன்பும் முழுதாய்ச் சேராது, காசும் சேராது. வாங்கியவர் தனக்கு உதவி கிடைத்ததாகவும் நினைக்கமாட்டார், "அதன் பெறுமதி அவ்வளவுதான்" என்றே நினைப்பார். வருடத்துக்கு இத்தனை அன்பளிப்பு என்று முன்கூட்டியே ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் முகம் சுளிப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நிலாவெளிக் கடை. 1,700 ரூபாய்ச் செட்டை அங்கே வைத்தால் உங்களுக்கு வருவது 1,020. சாமானும் சில்லறைச் செலவும் போனால் 440. பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அதனால் செட்டை அங்கே வைக்க வேண்டாம். தோடும் காப்பும் வையுங்கள். 600 ரூபாய்த் தோட்டில் 360 உங்களுக்கு. சாமானும் அட்டையும் 110 என்றால் 250 மிஞ்சும், அதுவும் நாற்பது நிமிட வேலைக்கு. அது நல்ல கணக்கு. ஆனால் வாய்ச்சொல்லை நம்பி வைத்துவிட்டு வராதீர்கள். எத்தனை சோடி, என்ன விலை, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது, தொலைந்தால் அல்லது உடைந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விலை போடுகிற உரிமை உங்களிடமே இருக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் எல்லாச் சாமானையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பவளத்துக்கு மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். இதில் இரண்டாம் பேச்சு இல்லை. பவளமும் கடலாமை ஓடும் சட்டத்தால் காக்கப்பட்டவை. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. கற்பவளம் அனுமதிப் பத்திரமில்லாமல் நாடு விட்டு நாடு போகக் கூடாது என்று சர்வதேச உடன்படிக்கையும் இருக்கிறது. அதை வாங்கிப்போகிற பயணி விமான நிலையத்தில் மாட்டினால், கடைக்காரர் உங்களைத்தான் காட்டுவார். சட்டத்தை விடுங்கள். அந்தப் பவளத்தைப் பார்க்கத்தான் நிலாவெளிக்கு ஆட்களே வருகிறார்கள். அதை உடைத்து அவர்களுக்கே விற்பது நம் பிள்ளைகளின் பிழைப்பை விற்பது.

கடல் நினைவு வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. தம்பலகாமக் குடாவில் ஒருவகைச் சிப்பி உண்டு. தட்டையாக, வட்டமாக, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அதன் பொடிமுத்துக்காக அங்கே முத்துக்குளிப்பே நடந்தது. கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் அதைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறார். முத்து என்றால் எல்லாரும் மன்னாரைச் சொல்வார்கள், நம்மிடமும் இருந்தது. அந்தச் சிப்பியை எடுக்கச் சொல்லவில்லை. அதன் வட்டத்தையும் வெளிறிய வெள்ளி நிறத்தையும் நூலில் கொண்டுவாருங்கள். ரவுனில் திரிகிற புள்ளிமானின் முதுகுப் புள்ளிகள், கோணேசர் மலைக்குக் கீழே மாறிக்கொண்டிருக்கும் நீலங்கள், மருதமுனைக் கைத்தறித் துணியின் வெட்டுத்துண்டுகள் என்று எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கின்றன. ஒரு சிறு அட்டையில் மூன்று வரி எழுதி வையுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

கடன் வேண்டாம். ஒரு லட்சம் கையில் வந்தால் மணி வாங்குவீர்கள். எந்த நிறம் அடுத்த மாதம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஓடாத நிறம் பெட்டியில் கிடக்கும், தவணை கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும். உங்கள் வியாபாரம் கிழமைக் கணக்கில் நடப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, மாரியில் ஹோட்டல் இல்லை. அந்த மாதங்களில் தவணை நிற்காது. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் முகம் பார்க்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் இந்த நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்குப் போனது. உங்களுக்கு முதல் தேவைப்பட்டால் வாடிக்கையாளரின் முன்பணமே முதல்.

கடை வேலையா இதுவா என்று கேட்டிருந்தீர்கள். நேரத்துக்கு விலை போட்டு ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அப்போதும் மணித்தியாலத்துக்கு 150 வரவில்லை என்றால் கடைக்கு வேலைக்குப் போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. கைத்தொழில் உங்களோடு வரும், சாமத்தியவீட்டு ஓடரை மட்டும் சனி, ஞாயிறில் எடுக்கலாம். வருகிறது என்றால் உங்கள் பகுதிக்குரிய 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்துக்குப் போய் வணிகப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பத்திரத்தோடு வங்கியில் வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கொன்று திறக்கலாம். வீட்டுச் செலவுக் காசும் மணி வாங்கும் காசும் ஒரே பர்சில் கிடக்கிற வரைக்கும் இந்தக் கணக்கு ஒருநாளும் தெளியாது. தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவது பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

அன்புடன்,
அக்கா