வண்டி 3 மணி நேரம் லேட்: டிக்கெட் பணம் யாருக்குப் போகிறது?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் பாபநாசம், வேலை சென்னையில். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வர, எங்கள் ஊர் நெட் சென்டரில் சொல்லி ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்திருந்தேன். தாம்பரத்துக்கு 11.15-க்கு வர வேண்டிய வண்டி 2 மணி வரை வரவில்லை. பொறுக்க முடியாமல் கிளாம்பாக்கம் போய் கும்பகோணம் பஸ் பிடித்துவிட்டேன். வண்டி 2.40-க்குத்தான் தாம்பரத்தை விட்டுக் கிளம்பியது. ஊரில் போய்க் கேட்டால், “வண்டி ரத்தாகலையே, பணம் வராது” என்றார் நெட் சென்டர்காரர். ஒரு வாரம் நச்சரித்த பிறகு, “டிடிஆர் (பணம் திரும்பக் கேட்டு இணையத்தில் போடும் விண்ணப்பம்) போட்டேன், பாதிதான் வந்தது” என்று பாதிப் பணம் கொடுத்தார். இது சரிதானா? சில வாரங்களில் தட்கலில் வருகிறேன், அதற்கும் இதே விதியா? திருச்சியில் வேலை பார்க்கும் என் தம்பி சீசன் டிக்கெட்டில் வந்து போகிறான். ராத்திரி வண்டி ரத்தானால் அவனுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: நெட் சென்டர்காரர் சொன்ன இரண்டுமே தவறு.

வண்டி ரத்தானால்தான் பணம் என்று எந்த விதியும் இல்லை. நீங்கள் ஏற வேண்டிய ஸ்டேஷனில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் அதில் பயணம் செய்யவில்லை என்றால் டிக்கெட் கட்டணம் முழுதாகத் திரும்ப வேண்டும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ரத்து, பணம் திருப்பும் விதிகளில் இது இருக்கிறது. பிடித்தம் கிடையாது. இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கான சேவைக் கட்டணம் மட்டும் போனது போனதுதான். ஆக, இந்த வகையில் பாதி என்ற கணக்கே இல்லை. வந்தால் முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாமல் போவது எப்போது? டிடிஆரை வண்டி கிளம்புவதற்குள் போட வேண்டும். அட்டவணை நேரத்துக்குள் அல்ல, வண்டி உண்மையிலேயே உங்கள் ஸ்டேஷனை விட்டு நகர்வதற்குள். உங்கள் கதையில் 11.15-க்கு வர வேண்டிய வண்டிக்கு 3 மணி நேரம் தாண்டியது 2.15-க்கு. வண்டி கிளம்பியது 2.40-க்கு. நடுவில் இருந்தது 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தீர்கள், நெட் சென்டர்காரர் பாபநாசத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டுக்கு டிடிஆர் அவருடைய லாகினிலிருந்துதான் போட முடியும், உங்கள் ஃபோனிலிருந்து முடியாது. இரவு வண்டிக்கு ஏஜென்ட் டிக்கெட் வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் பெயரில் ஐஆர்சிடிசி கணக்கு இருந்திருந்தால் பஸ்ஸில் இருந்தபடியே வேலை முடிந்திருக்கும். ‘ஃபைல் டிடிஆர்’ பகுதியில் உங்கள் பிஎன்ஆரைத் தேர்ந்தெடுத்து, வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை என்ற காரணத்தைக் கொடுத்தால் போதும். அவசரப்பட்டு 2 மணி 55 நிமிடத் தாமதத்திலேயே போட்டுவிடாதீர்கள். வண்டி அதற்குள் வந்து கிளம்பிவிட்டால் தள்ளுபடிதான். 3 மணி நேரம் முழுதாகத் தாண்டட்டும். போட்ட பிறகு மனசு மாறி அதே வண்டியில் ஏறவும் கூடாது. பணம் வர வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். கவுண்டரில் எடுத்த டிக்கெட் என்றால் வண்டி கிளம்புவதற்குள் ஸ்டேஷனிலேயே ஒப்படைக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. வண்டி முழுதாக ரத்தானால், இ-டிக்கெட் பணத்தை ரயில்வே கம்ப்யூட்டர் தானாகவே திருப்பி அனுப்புகிறது, யாரும் எதுவும் போட வேண்டாம். வண்டி எத்தனை நிமிடம் தாமதம், எந்த ஸ்டேஷனை எப்போது தாண்டியது என்பதும் ரயில்வேக்குத் தெரியும். நீங்கள் ஏறவில்லை என்பது டிக்கெட் பரிசோதகர் கையில் இருக்கும் கருவியில் பதிவாகிறது. இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு, நடு ராத்திரியில் பிளாட்பாரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் மனிதன் எழுந்து உட்கார்ந்து விண்ணப்பம் போட்டால்தான் பணம் என்பது என்ன நியாயம்? விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை இன்னும் ஒற்றைப் பாதை. ஒரு வண்டி பிசகினால் எதிர்வண்டிக்கு கிராசிங், அதற்கு ஒரு காத்திருப்பு என்று தாமதம் வளரும். இரட்டைப் பாதை கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களுக்கு வாய் வலித்துவிட்டது.

சரி, உங்கள் பாதிப் பணத்துக்கு வருவோம். நெட் சென்டர்காரர் நேரத்துக்கு டிடிஆர் போட்டிருந்தால் முழுப் பணமும் வந்திருக்க வேண்டும். போடாவிட்டால் ரயில்வே பாதி கொடுத்திருக்காது. ஆகவே மீதிப் பாதி எங்கே என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஏஜென்ட் டிக்கெட்டின் ரீஃபண்ட் முதலில் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும். அதை அவர் அமுக்கிவிடக் கூடாது என்றே 2019-ல் ஓடிபி முறை கொண்டுவந்தார்கள். எவ்வளவு பணம் திரும்புகிறது என்ற விவரமும் ஓடிபியும் டிக்கெட்டில் பதிவான செல் நம்பருக்கு வரும். பயணி அந்த ஓடிபியைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அப்படி எஸ்.எம்.எஸ். வந்ததா? டிக்கெட் எடுத்த அன்று பிஎன்ஆர், பெட்டி எண் தாங்கிய எஸ்.எம்.எஸ்.ஸாவது வந்ததா? அதுவும் வரவில்லை, அவர் வாட்ஸப்பில்தான் அனுப்பினார் என்றால், உங்கள் நம்பருக்குப் பதில் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். இதைச் செய்கிற கடைகளை எனக்குத் தெரியும். வண்டி ரத்தாகி முழுப் பணம் வந்த நாட்களில்கூடப் பயணிக்குச் சேதி போகாது, “கேன்சலேஷன் பிடிச்சுட்டாங்க” என்று கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேட்பவர்களும் சரி என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 20 ரூபாயும் ஏசிக்கு 40 ரூபாயும்தான் சேவைக் கட்டணம் வாங்கலாம், வரி தனி. நூறு, இருநூறு என்று வாங்கினாலே சந்தேகப்படுங்கள். “தட்கல் 11 மணிக்கே கன்ஃபர்ம் பண்ணித் தர்றேன்” என்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம், அதாவது ஏசிக்கு 10 முதல் 10.30 வரை, மற்ற வகுப்புக்கு 11 முதல் 11.30 வரை, ஏஜென்ட்டுகள் டிக்கெட் எடுக்கவே முடியாது. 11.05-க்கு அவர் எடுத்துக் கொடுத்தால் யாரோ தனிநபரின் ஐடியில் எடுத்திருக்கிறார். அது ரயில்வே சட்டம் 143-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தால் டிக்கெட்டும் முடக்கப்படும், நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள்.

தட்கலுக்கு வருகிறேன். கன்ஃபர்ம் ஆன தட்கலை நீங்களாக ரத்து செய்தால் பைசா வராது. ஆனால் 3 மணி நேரத் தாமத விதி தட்கலுக்கும் உண்டு, ஒரு வித்தியாசத்தோடு. சாதாரண டிக்கெட்டுக்குத் தாமதத்தை நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் பார்ப்பார்கள். தட்கலில் டிக்கெட் எந்த ஸ்டேஷனிலிருந்து தொடங்குகிறதோ அங்கே பார்ப்பார்கள். எழும்பூர் முதல் பாபநாசம் வரை டிக்கெட், ஏறுமிடத்தை மட்டும் தாம்பரம் என்று மாற்றியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வண்டி எழும்பூரில் 2 மணி 55 நிமிடத் தாமதத்தில் கிளம்பி, வழியில் நின்று நின்று, தாம்பரத்தில் 3 மணி 25 நிமிடத் தாமதம். சாதாரண டிக்கெட்டுக்கு முழுப் பணம். தட்கலுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எழும்பூரில் 3 மணி நேரம் தாண்டவில்லை. அதே தட்கலை நேராகத் தாம்பரத்திலிருந்தே எடுத்திருந்தால் பணம் உண்டு. அதனால் தட்கல் எடுக்கும்போது, இடம் கிடைத்தால், உண்மையில் எங்கே ஏறுவீர்களோ அங்கிருந்தே எடுங்கள். ஏறுமிடத்தை மாற்றும் பழக்கம் வேண்டாம்.

உங்கள் தம்பிக்கு நல்ல சேதி இல்லை. சீசன் டிக்கெட்டில் ஒரு நாள் வண்டி ஓடாவிட்டாலும் அதற்காகப் பணம் திரும்பாது. ராத்திரி தஞ்சாவூரோடு வண்டி நின்றுபோனால் பஸ் செலவு அவர் கையிலிருந்துதான். தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களைப் பற்றி இந்த விதிகளை எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: டிடிஆர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போட்டார், எவ்வளவு வந்தது என்று நெட் சென்டர்காரரிடம் அவருடைய திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பிஎன்ஆருடன் ஐஆர்சிடிசியின் 14646-இலும், ரயில்வேயின் 139-இலும் புகார் சொல்லுங்கள். இந்த எண்களைக் கூகுளில் தேடாதீர்கள். ‘ரீஃபண்ட் கஸ்டமர் கேர்’ என்று தேடினால் மேலே வருகிற செல் நம்பர்களில் பல மோசடிக்காரர்களுடையவை. ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள், டிக்கெட் பணத்தோடு வங்கியில் இருப்பதும் போய்விடும். ஏற்கெனவே அப்படிச் சிக்கியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். 14646-இல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த டிக்கெட்டில் பதிவாகியிருக்கும் செல் நம்பரின் கடைசி எண்கள் உங்களுடையதா என்பது.