முகம் இழுக்கிறது, நெற்றியில் எண்ணெய் வழிகிறது: எந்த கிரீம் வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 34. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். மின்னணுத் தொழிற்சாலையில், கிளீன் ரூமில் (தூசி புகாமல் காக்கும் அறை), காலை 7 முதல் இரவு 7 வரை ஷிப்ட். மதியத்துக்குள் கன்னமும் வாயோரமும் இழுத்துப் பிடிக்கின்றன. மூக்கோரம் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. நெற்றியில் மட்டும் எண்ணெய். 60 ரிங்கிட் கொடுத்து ஹையலூரோனிக் ஆசிட் சீரம் வாங்கினேன். போட்டால் இன்னும் இழுக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். பெட்டியின் பின்னால் எந்தப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சீரம் கெட்டதல்ல. அதைத் தனியாகப் போட்டு விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஏர்கானின் பின்குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அறைக்காற்றில் இருந்த ஈரம். வெளியே பினாங்குக் காற்றைப் பிழிந்தால் சொட்டும். கிளீன் ரூமுக்குள் அந்த ஈரத்தை அளந்து குறைத்து வைத்திருப்பார்கள். அந்தக் காற்றில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் முகத்து நீர் பறந்துகொண்டேதான் இருக்கும். ஹையலூரோனிக் ஆசிட் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தோலின் மேலேயே உட்காரும் பொருள். அந்தத் தண்ணீரும் ஆவியானபின் மெல்லிய படலமாகக் காய்ந்துவிடும். கஞ்சி போட்ட வேட்டி காய்ந்ததும் விறைக்கிறதே, அதே கதைதான்.

நீரைக் கொண்டுவந்து வைப்பதைவிட, இருக்கும் நீரைப் போகவிடாமல் மூடுவதுதான் உங்களுக்கு முதல் தேவை. தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. அதன் செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற கொழுப்பு, மீதி பெரும்பாலும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இந்தப் பூச்சு தேய்ந்தால் நீர் கசியும், செதில் தூக்கும்.

ஆகவே பெட்டியைத் திருப்பியதும் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பொருள், விளம்பரம் கிடையாது, ஆனால் வேலை செய்யும். அப்புறம் செராமைடு, கூடவே கொலஸ்ட்ராலும் இருந்தால் இன்னும் நல்லது. பட்டியல் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு இறங்கும். பினாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளை 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. அதனால் அந்தப் பெயருக்குக் கீழே வருபவை பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்குப் போடலாம். செராமைடு அங்கே இருந்தால் கவலை வேண்டாம், அது சிறு அளவில்தான் சேர்க்கப்படும். பெட்டியின் முன்பக்கம் பூப்படம் போட்டு விற்கும் மூலிகைச் சாறு அங்கே கிடந்தால், படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) இருந்தால் கூடுதல் லாபம்: தோல் தானே செராமைடு தயாரிக்கத் தூண்டும், நெற்றி எண்ணெயையும் கொஞ்சம் குறைக்கும். 4, 5 விழுக்காடு போதும். 10 வாங்கி எரிகிறது என்று என் மருந்தகத்துக்கு வருபவர்கள் நிறைய.

மூடும் வேலைக்கு டைமெத்திகோன், வாசலின் இரண்டுமே நல்லவை. ஆனால் டைமெத்திகோன் சிலிகோன் வகை. மின்னணுப் பாகங்களில் படிந்து கெடுக்கும் என்று பல கிளீன் ரூம்களில் அதை அனுமதிப்பதில்லை; முகப்பூச்சே கூடாது என்ற இடங்களும் உண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அனுமதி இருந்தால் காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் இருக்கும்போதே கிரீமை மெல்லியதாகப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். இல்லையென்றால் இரவில் போட்டாலே பெரும்பகுதி பலன் கிடைக்கும்: கிரீமுக்கு மேல் பட்டாணி அளவு வாசலின், கன்னத்திலும் வாயோரத்திலும் மட்டும். நெற்றிப் பக்கம் போக வேண்டாம். முகத்துக்கு சோப்புக்கட்டியை நிறுத்திவிடுங்கள். சோடியம் லாரில் சல்பேட் உள்ள பேஸ்வாஷும் வேண்டாம். ஆய்வுக்காகத் தோலை வேண்டுமென்றே எரிச்சலூட்ட ஆய்வாளர்கள் பயன்படுத்துவதே அதைத்தான்.

அம்மாவின் தேங்காய் எண்ணெய் கை காலுக்கு அருமையானது, முகத்துக்கு வேண்டாம். காரணம், அந்த மூக்கோரச் செதில் எனக்கு வெறும் வறட்சியாகத் தோன்றவில்லை. கண்ணாடி முன் நின்று உற்றுப் பாருங்கள். செதில் லேசாக மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா? புருவத்திலும் இருக்கிறதா? தலையில் பொடுகு உண்டா? ஆமாம் என்றால், எண்ணெயைத் தின்று வளரும் ஒருவகைப் பூஞ்சையோடு தொடர்புள்ள தோலழற்சியாக இருக்கலாம். எண்ணெய் அதற்குத் தீனி. கிளினிக்கில் காட்டினால் பூஞ்சை எதிர்ப்பு கிரீம் தருவார்கள். அதை எந்த மாய்ஸ்சரைசரும் செய்யாது.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலை ஏழுக்கு முன் போய் இரவு ஏழுக்கு மேல் திரும்புகிற நாளில் சன்ஸ்கிரீனே தேவையில்லை. கடைக்காரர்கள் என்னை அடிக்க வரலாம், ஆனால் அந்த நேரத்தில் புற ஊதாக் கதிர் இல்லாத மாதிரிதான். விடுமுறை நாள் வேறு. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணிக்கு மேல். பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே சுற்றுவதாக இருந்தால், எஸ்பிஎப் (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் போடுங்கள். கன்னத்தில் கருந்திட்டு இருந்தால் நிறம் கலந்ததை வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும்.

எதை வாங்கினாலும் பெட்டியில் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிச் சரிபாருங்கள். தயாரிப்பாளர் பதிந்துகொண்டார் என்பதற்கு மேல் அந்த எண் உத்தரவாதம் தராது. ஆனால் அதுகூட இல்லாத பசார் மாலாம் (இரவுச் சந்தை) வெளுப்புக் கிரீமில் பாதரசம் இருக்கலாம், தொடவே வேண்டாம்.

மீதிச் சீரத்தைத் தூக்கிப் போடாதீர்கள், 60 ரிங்கிட் ஆயிற்றே. இரவில் முகம் கழுவித் துடைக்காமல், சொட்டும் ஈரத்தில் இரண்டு துளி தடவி, அது காய்வதற்குள் கிரீமைப் போட்டுவிடுங்கள். தீர்ந்தபின் மறுபடி வாங்கத் தேவையில்லை.