1911இல் கொழும்புப் பயணம்: தூத்துக்குடியா, தனுஷ்கோடியா?

வணக்கம். தங்கள் தாத்தா 1911இல் தனுஷ்கோடி நிலையத்தில் இறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறியதாக வீட்டார் சொல்ல, அவருடைய கடிதமோ தூத்துக்குடியைக் குறிப்பிடுவதால் எதை ஏற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தையே நம்புங்கள்.

தனுஷ்கோடி இருக்கும் ராமேஸ்வரம் தீவை நிலப்பகுதியோடு இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு சென்றவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஏறினர். பாலம் வந்தபின் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் போட் மெயில் என்ற, கப்பல் பயணிகளுக்கான ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் போதும் என்பதால், ஒதுக்குப்புறமான அந்த மணல்முனை சுங்கச் சோதனையும் அஞ்சலகமும் கொண்ட துறைமுக நிலையமாக வளர்ந்தது. தாத்தா 1914க்குப் பிறகு ஊர் திரும்பியிருந்தால் இவ்வழியே வந்திருக்கக்கூடும். வீட்டார் நினைவில் இரு பயணங்களும் கலந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆகவே அவர் திரும்பிய ஆண்டை முதலில் தேடுங்கள். பழைய கடித உறைகளின் அஞ்சல் முத்திரைகள் அதற்குப் பெரிதும் உதவும்.

தனுஷ்கோடி நிலையத்தை நேரில் காண விரும்பினால், இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அதிலிருந்தோரையும் கடலோடு கொண்டுபோனது. அந்தப் பாதை பின்னர் சீரமைக்கப்படவேயில்லை.