வாரியல் போன்ற தடுப்பும் வழுக்கிப்போகும் விராலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் பணிபுரியும் என் மைத்துனர் சென்ற விடுமுறைக்கு வந்தபோது, பாஸ் மீன் பிடிப்பதற்கென்று அங்கே விற்கும் ஜிக் எனப்படும், ஈயத்தலை வைத்த தூண்டில்கள் ஆறு கொண்டுவந்து தந்தார். எங்கள் ஊர்க் குளத்தில் தாமரைக்கு நடுவே எறிந்தால் எதிலும் சிக்காமல் வருகின்றன, விராலும் கொத்துகிறது. ஆனால் சுண்டி இழுத்தால் பத்துக்கு ஏழு முறை வாயிலிருந்து வழுக்கி வெறுமனே வந்துவிடுகிறது. முள்ளுக்கு முன்னால் வாரியல் போல நிற்கும் நார்க்கற்றைதான் காரணமா? அதை அடியோடு வெட்டிவிடலாமா?
— வாசகர், இரணியல்

பதில்: பெரும்பாலும் காரணம் அதுவே, ஆயினும் அடியோடு வெட்டிவிட வேண்டாம். அந்தக் கற்றை இல்லையென்றால் முதல் எறிதலிலேயே முள் தாமரைத் தண்டில் ஏறிவிடும். பிறகு மீனும் இல்லை, மைத்துனர் தந்த ஜிக்கும் இல்லை.

வீட்கார்டு எனப்படும் இந்தப் புல்தடுப்பு, வட அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் மீனைத் தேடி மூழ்கிய மரக்கிளைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் நடுவே எறிவதற்காக ஏற்பட்டது. அந்த மீன் தன் அகன்ற வாயைச் சட்டெனத் திறந்து, தண்ணீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நம் விராலோ இரையைக் கவ்வி இறுக்கிக்கொள்ளும். அதன் வாயும் எலும்பும் பல்லுமாகக் கெட்டியானது. நீங்கள் சுண்டும் விசையில் ஒரு பங்கு நாரை மடக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தைக் கொண்டுதான் முள் அந்தக் கெட்டியில் ஏறவேண்டும். ஆகவே நமக்குத் தேவைப்படுவது தடுப்பே இல்லாத ஜிக் அன்று. தாமரைத் தண்டுக்கு மடங்காமலும் விராலின் தாடைக்கு மடங்கியும் கொடுக்கிற தடுப்பு.

கத்தரியை எடுக்கும் முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இலேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறிப் பற்றாமல் சறுக்கினால் முள் மழுங்கியிருக்கிறது, பழி நாரின் மேல் இல்லை. சிறிய அரத்தால் முனையை நோக்கி நாலைந்து தேய்ப்பு போதும். அடுத்து, ஜிக்கை ஒரு கிண்ணத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். இந்த நார் பெரும்பாலும் நைலான். நைலான் தண்ணீரை உறிஞ்சி இளகும் தன்மையுடையது. கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ உலர்ந்த நிலையில் தொட்டுப் பார்த்து, முரடாக இருக்கிறதே என்று வெட்டிவிட்டு, குளத்தில் இறக்கியபின் அது துவண்டுபோய்த் தண்டெல்லாம் மாட்டுவதைக் கண்டு வருந்தியவர்களுள் நானும் ஒருவன்.

ஊறிய ஜிக்கின் ஈயத்தலையை இடதுகை விரல்களால் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலின் சதைப்பகுதியை நார் நுனிகளின் மேல் வைத்து முள்ளை நோக்கி மெல்ல அழுத்துங்கள். அழைப்புமணியை அமுக்கும் அளவு அழுத்தத்திலேயே முள் முனை விரலில் உறுத்த வேண்டும். விரல் வெளுக்கும்வரை அழுத்தியும் முனை தட்டுப்படவில்லை என்றால் நார் அதிகம். அப்போதும் உடனே வெட்டாமல், கற்றையை அடியிலிருந்து முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து முறை வளைத்துவிடுங்கள். சில ஜிக்குகளில் கற்றையை ஒட்டிய பசை நார்களுக்கிடையே மேலே ஏறி உறைந்திருக்கும். அது பிளந்து நார்கள் தனித்தனியானால் பாதிக் குறை அங்கேயே தீரும்.

இன்னும் முரடாகவே இருந்தால் நகவெட்டியை எடுத்து, கற்றையின் நடுவிலிருந்து இரண்டிரண்டு நார்களாக, ஈயத்தலையை ஒட்டிய அடியில் வெட்டுங்கள். முப்பது நார்கள் உள்ள கற்றையில் பத்தை எடுத்தால் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். இரண்டு நார் வெட்டுவதும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதுமாக நிதானமாகச் செய்யுங்கள். வெட்டிய நாரை மீண்டும் நடமுடியாது. நடுவில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சிய நார்களை விரலால் இருபுறமும் பிரித்துவிட்டால், கோவில் யானையின் இரு கொம்புகளுக்கு நடுவே துதிக்கை இருப்பதுபோல முள் முனை நடுவில் நிற்கும். பக்கத்திலிருந்து வரும் தண்டை இருபுறக் கற்றைகளும் தள்ளிவிடும். மேலிருந்து அழுத்தும் தாடைக்கு நடுவழி திறந்திருக்கும்.

பிரித்த நார்கள் மீண்டும் கூடிக்கொண்டால், கொதிநீரில் சில வினாடிகள் முக்கி, வேண்டிய வாட்டத்தில் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் நனையுங்கள், வாட்டம் நிற்கும். கையை நேராகக் கொதிநீரில் விட்டுவிடாமல் இடுக்கியால் பிடிப்பது நல்லது. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டவே காட்டாதீர்கள். நுனிகள் உருகி ஒட்டி ஒரே கட்டையாகிவிடும்.

இவ்வளவும் செய்தபின் வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால், ஜிக்கைத் தலைகீழாகப் பிடித்து நார் நுனிகளைத் தட்டில் ஊன்றி, முள் முனை தட்டைத் தொடும்வரை அழுத்தி, எத்தனை கிராம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்புக்கும் உங்கள் கைக்கும் எந்த ஜிக் மீனைத் தவறவிடுவதில்லையோ, அதன் கிராமே மற்ற ஐந்துக்கும் அளவுகோல். என் எண்ணை உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை. என் கம்பு வேறு, உங்கள் கம்பு வேறு.

கேள்வி: நார் மிகவும் முரடாக இருந்ததால் நுனியைக் கால்பங்கு கத்தரித்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. மீனும் ஏறவில்லை, பாசியும் விடவில்லை. என்ன தவறு செய்தேன்?
— வாசகர், திங்கள்சந்தை

பதில்: பலரும் செய்யும் தவறுதான். தென்னை ஈர்க்கில் ஒன்றை எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைத் தள்ளிப் பாருங்கள், நாணல்போல் வளையும். அதையே பாதியாக ஒடித்து, மிஞ்சிய கட்டையைத் தள்ளினால் விரலைக் குத்தும். ஒருமுனை ஊன்றிய குச்சியின் விறைப்பு அதன் நீளம் குறையக் குறைய மும்மடிக் கணக்கில் ஏறுகிறது. 25 மில்லிமீட்டர் நாரை 20 ஆக்கினாலே, அதே அளவு வளைப்பதற்கு ஏறத்தாழ இருமடங்கு விசை வேண்டும். நீங்கள் செய்ததுபோல் கால்பங்கு எடுத்தால் இருமடங்கையும் தாண்டிவிடும். அதோடு, குறுகிய நார் முள் முனைவரை எட்டாததால் முனை வெளியே துருத்தி நின்று கண்ட செடியிலும் மாட்டுகிறது. ஒரே வெட்டில் இரண்டு நட்டம்.

நாரை முள்ளை நோக்கி மடக்கினால் அதன் நுனி முள் முனையைச் சற்றே, ஓரிரு நெல்மணி அகலம், தாண்ட வேண்டும். அதற்கும் மேல் நீண்டிருந்தால் மட்டும் நுனியைத் தொடலாம். வெட்டிய ஜிக்கை வீணாக்க வேண்டாம். நாரை முழுவதும் மழித்துவிட்டு, செடியில்லாத ஆழத்தில் எறிவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூல்போன்ற பாசி நிறைந்த குளத்தில் எந்த வீட்கார்டு வைத்தாலும் ஜிக் பந்துபோல் பாசியைச் சுருட்டிக்கொண்டு வருகிறதே?
— வாசகி, தக்கலை

பதில்: வீட்கார்டு, தண்டையும் கட்டையையும் தள்ளுவதற்கானது; நூல்பாசியை அதனால் தள்ள முடியாது, அதன் நார்களே பாசியைச் சீப்புபோல் வாரிக்கொள்ளும். அங்கே ஈயத்தலையின் வடிவம்தான் முக்கியம். தலை கூர்மையாகவும், தூண்டில் நரம்பு கட்டும் வளையம் மூக்கு நுனியிலும் அமைந்த ஜிக் பாசியைப் பிளந்துகொண்டு வரும்; உருண்டைத் தலையும் மேலே நிமிர்ந்த வளையமும் வாரிக்கொள்ளும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். விலைகொடுத்து ஜிக் வாங்க வசதியில்லை. சாதாரண ஈயத்தலை முள்ளுக்கு நானே தடுப்பு வைக்க முடியுமா? எந்த நரம்பால் இழுப்பது?
— வாசகர், குழித்துறை

பதில்: தாராளமாக முடியும், தம்பி. கனமான தங்கூசி நரம்பில் இரண்டு மூன்று துண்டு வெட்டி, ஈயத்தலையை ஒட்டி முள்ளின் தண்டில் நூலால் இறுகச் சுற்றிக் கட்டி, சுற்றின் மேல் பசை தடவி உலரவிடு. நரம்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும்: விறைப்பு, தடிமனின் நான்மடிக் கணக்கில் ஏறும். 0.6 மில்லிமீட்டர் நரம்புக்குப் பதில் 0.8 எடுத்தால் பார்வைக்குச் சிறு வித்தியாசம்தான். விறைப்போ மும்மடங்குக்கும் மேல். எனவே தடித்த நரம்பு ஒன்றைவிட மெல்லிய நரம்பு மூன்று மேல். ஒன்று வேண்டாமென்றால் எடுத்துவிடவும் எளிது.

இழுப்பதற்குப் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, உகந்தது. ஒற்றை நைலான் நரம்பு ரப்பர்போல் நீளும். நீ இங்கே சுண்டும் வேகம் அங்கே முள்ளுக்குப் போய்ச் சேர்வதற்குள் தளர்ந்துவிடும். கொத்து தெரிந்ததும் உடனே சுண்டி இழுக்காமல், கம்பின் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பை ரீலில் சுற்றி, மீனின் கனம் கையில் தெரிந்தபின் ஒரே வீச்சில் இழு. ஜிக்கின் வாலில் இரையாகக் கோர்க்கும் ரப்பர் தவளை தடிமனாக இருந்து முள்ளின் வாயை அடைத்துக்கொண்டாலும் ஏறாது; அதன் வயிற்றுப் பக்கத்தைச் சற்றுச் செதுக்கிவிடு.

கேள்வி: தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கொடுவாவுக்கும் இதே ஜிக் ஆகுமா? அதையும் பாஸ் என்றுதானே சொல்கிறார்கள்?
— வாசகர், புதுக்கடை

பதில்: ஏசியன் சீ பாஸ் என்பது பெயரளவில்தான், அமெரிக்க பாஸுக்கும் கொடுவாவுக்கும் குல உறவு கிடையாது. கொடுவாவும் உறிஞ்சி விழுங்கும் மீன் என்பதால் ஜிக் நன்றாகவே வேலை செய்யும். திறந்த மணற்பாங்கில் தடுப்பு தேவையில்லை. கற்களும் மூழ்கிய ஓலைமட்டைகளும் கிடக்கும் ஓரத்தில் பாதி நார்களை விட்டுவையுங்கள். கொடுவாவின் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோன்றது. நரம்பின் முன்பகுதிக்குக் கனத்த துண்டொன்று இணைத்தே எறியுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மறுவாரம் முள் துருவேறி மழுங்கியிருக்கும்.

கேள்வி: சுசீந்திரம், தேரூர் குளங்களில் தாமரையும் உண்டு, விராலும் உண்டு. ஜிக் சோதிக்க அங்கே போகலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அந்த நீர்நிலைகளும் வேம்பனூர்க் குளமும் 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை; வலசை வரும் பறவைகளின் இடம். தண்டில் மாட்டி அறுந்த நரம்பு ஒரு நாரையின் காலைச் சுற்றினால் அதை அவிழ்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பிற குளங்களிலும் மீன்பிடி குத்தகை எடுத்தவரைக் கண்டு அனுமதி கேட்டபின் எறியுங்கள். நீர்மேல் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் கொப்பளிப்பதைக் கண்டால் அங்கே ஜிக்கைப் போடாதீர்கள். அடியில் காவல் நிற்கும் விரால் எதையும் பாய்ந்து கடிக்கும், அதற்கு எந்த வீட்கார்டுச் சீரமைப்பும் தேவைப்படாது.