பெயிண்ட் அடிக்கும் முன் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள்

பதினெட்டு வருடம் ஓடிய ஊசல் ராட்டினத்தில், இருக்கைகளைத் தாங்கி ஆடும் கைக்குழாயில், வெல்டிங் ஓரமாகப் பழுப்பு நீர் வழிந்த தடம் இருக்கிறது, சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. தயவுசெய்து இன்றே ராட்டினத்தை நிறுத்துங்கள்.

அந்தத் தடம், குழாய்க்குள் தண்ணீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் இரும்பு உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். 2017-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' ராட்டினம் ஓடும்போதே முறிந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். தாங்கு குழாயின் உட்புறம் துருவேறிச் சுவர் மெலிந்துபோனதுதான் காரணம் என்று அதைத் தயாரித்த நிறுவனமே சொன்னது. அதுவும் ஏறக்குறைய 20 வயது ராட்டினம், ஆய்வில் தேறித்தான் ஓடியது. கண்ணால் பார்ப்பது போதாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அல்ட்ராசோனிக் கருவியால் குழாயின் தடிமனைப் பல இடங்களில், முக்கியமாகத் தண்ணீர் தங்கும் அடிப்பகுதியில் அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயிண்டை நீக்கி, விரிசல் இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனை (இரும்பைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் எங்கே சேர்கிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். அப்புறம், வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெயிண்டே அதை மூடியிருக்கும், பல நேரம்.

அளவு குறைந்திருந்தால் மேலே தகடு வைத்து நீங்களாக வெல்டிங் செய்யாதீர்கள். தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வமான பழுதுபார்ப்பு முறை வேண்டும். அது கிடைக்கும்வரை ராட்டினம் நிற்கட்டும்.